உணவோடு உண்ணும் குளிசை

பொன் செய்யும் வித்தையில் மோகங்கொண்டிருந்த ஹென்னிக் பிராண்ட் என்னும் ஹம்பர்க் நகரத்து ரசவாதி, 1669-ஆம் ஆண்டில், சிறுநீரைக் குடங்குடமாகச் சேகரித்து நாட்படவைத்து, நீர் முற்றும் வற்றிக் கசடு எஞ்சும்வரை காய்ச்சி, அக்கசடையும் கடுந்தீயில் இட்டபோது, தேடிய பொன் கிடையாமல், இருளிலே தானே ஒளிரும் புதிய வஸ்து ஒன்றைக் கண்டெடுத்தார். அதுவே பொஸ்பரஸ். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றபின் ஸ்வீடன் தேசத்து இரசாயன அறிஞர்கள் அதே வஸ்து எலும்பிலும் நிறைந்திருப்பதைத் தெளிந்தார்கள். எலும்பில் தங்கிச் சரீரத்தைத் தாங்குவதும், மிகையானது சிறுநீரோடு கழிவதுமாகிய இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால், சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு நேரும் இன்னல்களில் ஒரு பெரும்பங்கு விளங்கிவிடும்.

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளி செல்லும் வீதியில், உப்புவெளியைத் தாண்டியதும் எதிர்ப்படும் சாம்பல்தீவு, கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த ஊர். மீனும் இறாலும் நண்டும் இங்கே அன்றாட ஆகாரம். நெத்தலியை முள்ளோடு மென்று தின்பதும், கருவாடு போட்டு வைத்துக்கொள்வதும் வழிவழி வந்த வழக்கங்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இவை யாவும் பலந்தரும் உணவு. சிறுநீரகம் கைவிட்டவருக்கோ, அம்முள்ளிலும் தசையிலும் உள்ள பொஸ்பேற்று, அதாவது பொஸ்பரஸ் சேர்ந்த உப்பு, இரத்தத்தில் தேங்கி, தோலில் ஓயாத அரிப்பை உண்டாக்கி, கழுத்திலுள்ள பரதைரொயிட் சுரப்பிகளைத் தூண்டி எலும்பிலிருந்து கல்சியத்தை அரித்தெடுக்கச் செய்து, காலக்கிரமத்தில் இரத்தக் குழாய்களின் சுவரிலே சுண்ணாம்பாகப் படிந்து இருதயத்தையும் வருத்துகிறது.

இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் அதை அகற்றாதா என்று கேட்பது நியாயமே. நெதர்லாந்து தேசத்தில், ஜெர்மானியர் ஆட்சியின் கீழ் இருந்த யுத்தகாலமான 1943-ல், வில்லெம் கொல்ஃப் என்ற வைத்தியர், நடைமுறைக்கு உதவும் முதற்செயற்கைச் சிறுநீரகத்தைச் சமைத்தார். 1960-ல் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர், இரத்தக் குழாயில் நிரந்தரமாகப் பொருத்திவைக்கும் டெஃப்லான் குழாயை ஆக்கி, அச்சிகிச்சையை ஆயுள்முழுதும் தொடரத்தக்கதாக்கினார். அவருடைய முதல் நோயாளியான கிளைட் ஷீல்ட்ஸ் அதன்பின் பதினோர் ஆண்டுகள் வாழ்ந்தார். ஆயினும் கணக்கு வேறாக இருந்தது. சாதாரணமாக உண்பவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் பொஸ்பரஸை உட்கொள்கிறார்; அதில் பாதிக்கு மேற்பட்டது இரத்தத்தில் சேர்கிறது. நான்கு மணிநேரச் சுத்திகரிப்பு ஒன்று அகற்றுவது பெரும்பாலும் 1000 மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும். ஏழு நாள் உண்டதை மூன்று முறை சுத்திகரித்து ஈடுசெய்ய இயலாது. வாரத்தில் இரண்டே முறை இடம் கிடைக்கிறவருக்கு மிச்சம் இன்னும் பெரிது. ஆகவே, உணவிலுள்ள பொஸ்பேற்றைக் குடலிலேயே பிடித்துக்கட்டி மலத்தோடு அனுப்பிவிடும் மருந்து இன்றியமையாததாயிற்று.

முதலில் கைக்கெட்டியது அலுமினியம் ஹைட்ரொக்சைட்டு. வயிற்றெரிவுக்குக் கொடுத்துவந்த அந்த வெண்ணிறக் களிமருந்து, சிறுநீரக நோயுற்ற குழந்தைகளின் இரத்தத்தில் பொஸ்பேற்றைக் குறைப்பதை 1941-லேயே கண்டிருந்தார்கள். சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகிய காலத்தில் அதுவே எங்கும் பிரயோகமாயிற்று. உலோகம் குடலைக் கடந்து உடம்பில் ஏறாது என்ற நம்பிக்கை பலமாக இருந்தது. அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலை மிகக் கொடியது. அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் அல்ஃபிரே என்ற வைத்தியரும் அவர் சகாக்களும், பல்லாண்டு சுத்திகரிப்புப் பெற்றுவந்த நோயாளிகள் சிலருக்குப் பேச்சுத் திக்கி, கைகால் வெட்டியிழுத்து, வலிப்புக் கண்டு, சித்தம் கலங்கி, சில மாதங்களில் மரணம் நேர்வதை 1972-ல் எழுதிவைத்தார்கள். 1976-ல், அப்படி இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் மிகுந்திருந்ததை வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலோ காரணமின்றி எலும்பு முறிந்த நோயாளிகள் பலர் இருந்தனர். ஆராய்ந்தபோது, சுத்திகரிப்புக்குப் பயன்பட்ட நீரிலேயே அலுமினியம் இருந்தமை புலப்பட்டது.

நீரில் அது எப்படி வந்தது என்பதை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கலங்கல் நீரைத் தெளியவைக்கப் படிகாரம் இடுவதை நாம் அறிவோம். நகரங்களின் நீர்நிலையங்களும் அலுமினிய உப்பையே இடுகின்றன. குடிப்பவர் உடம்பில் அதிலிருந்து ஏறுவது அற்பம், ஏறியதும் சிறுநீரோடு போய்விடும். சுத்திகரிப்பிலோ ஒரே அமர்வில் நூறு லீற்றருக்கும் மேற்பட்ட நீர் மெல்லிய ஒரு சவ்வுக்கு அப்பால் இரத்தத்தை உரசிச் செல்கிறது. உட்புகுந்ததை வெளியேற்ற வழியும் இல்லை. சவ்வூடு வடித்த நீர் கட்டாயமான பின்னும் ஆபத்து முழுதும் நீங்கவில்லை. வாய்வழியே உண்ட மருந்தும் எலும்பில் அலுமினியத்தைச் சேர்த்தது. அதனோடு சிட்ரேற்று உப்பைக் கொடுத்தால் உலோகம் பன்மடங்கு உட்புகுந்து, சில வாரங்களிலேயே உயிர்போக்கும் என்பதை 1980-களில் துயரத்தோடு அறிந்தார்கள். தேசிக்காய்ச் சாற்றிலும் அந்தச் சிட்ரேற்றே உள்ளது.

என் கருத்தில் இந்த அத்தியாயத்தின் பாடம் அலுமினியத்தோடு முடிந்துபோவதன்று. ஒரு மருந்தின் தீங்கின்மையை நாம் பெரும்பாலும் சிறுநீரகம் உள்ளவர்களைக் கொண்டே அளந்துவைத்திருக்கிறோம். சித்த வைத்தியத்தில் நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் படிகார பற்பம் அலுமினியம் உடையது. சங்கு பற்பமும் முத்துச்சிப்பிப் பற்பமும் கல்சியம் உடையவை. அவற்றை வகுத்த முன்னோர்கள், சிறுநீரே இறங்காத ஒரு சரீரம் பல வருஷம் உயிரோடிருக்கும் நிலையைக் கண்டவர்கள் அல்லர், குற்றம் அவர்களுடையதாகாது. ஆனால் சுத்திகரிப்புப் பெறுகிறவர் அப்பற்பங்களையும், வாயுவுக்கென்று கடையில் வாங்கும் அலுமினிய, மக்னீசிய மருந்துகளையும் வைத்தியரைக் கேளாமல் உண்பது பேராபத்து.

அலுமினியத்தின் இடத்தைக் கல்சியம் காபனேற்று பிடித்தது. சென்லூயிஸ் நகரத்துச் சிலட்டோபொல்ஸ்கியின் 1986-ஆம் ஆண்டு ஆய்வு அதற்கு வழிதிறந்தது. மலிவான மருந்து, இன்றும் ஏழைநாடுகளின் துணை அதுவே. ஆயினும் அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறுகிறது. சுத்திகரிப்பிலிருந்த இளைஞர்களின் இருதயக் குழாய்களிலேயே சுண்ணாம்பு படிந்திருந்ததை 2000-ல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. 2017-ல் வெளியான சர்வதேச வழிகாட்டல் கல்சிய மருந்தின் அளவை மட்டுப்படுத்தச் சொல்கிறது. உடம்பில் ஏறாத செவெலமர் 1998-லும், லந்தனம் காபனேற்று 2004-லும், இரும்புசார்ந்த மருந்துகள் 2013 முதலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவை விலையுயர்ந்தவை.

விலையென்றதும் சேனக பிபிலேயை நினையாதிருக்க முடியாது. 1971-ல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, வியாபாரப் பெயர்களை விட்டு மருந்தின் சொந்தப் பெயரால் வாங்கி, ஏழைக்கும் நல்ல மருந்து கிடைக்க வழிசெய்தவர் அவர். அவர் வகுத்த நெறி இந்நோயாளிகளுக்கே இன்று மிகவும் வேண்டியதாகிறது. 1990-களில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடம் கண்டறியப்பட்ட, காரணம் திட்டமாகத் தெரியாத சிறுநீரக நோய், நம் மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுரவையும் விட்டுவைக்கவில்லை. 2022-ன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துகள் அரிதாகின. குளிசை கிடையாத மாதத்தில் பொஸ்பேற்று காத்திருப்பதில்லை.

சாம்பல்தீவிலிருந்து சுத்திகரிப்புக்குச் செல்லும் ஒவ்வொருவருக்கும் அவர்தம் வீட்டாருக்கும் சிலவற்றை வேண்டிச் சொல்கிறேன். அனுபானமின்றி மருந்தில்லை என்பது நம் வைத்திய மரபு. பொஸ்பேற்றைப் பிடித்துக்கட்டும் இந்தக் குளிசைக்கு அனுபானம் சோறே. உணவோடு சேர்த்து உண்ணுங்கள்; உணவு தவறிய வேளையில் குளிசையும் வேண்டாம். லந்தனத்தை மென்று விழுங்குங்கள். செவெலமரை மெல்லாமலும் நொறுக்காமலும் முழுதாக விழுங்குங்கள். தைரொயிட் குளிசை, இரும்புச் சத்து, சிப்ரொஃபுளொக்சசின் போன்ற கிருமிக்கொல்லி ஆகியவற்றோடு இதைச் சேர்த்து உண்டால் அவை பயனற்றுப்போகும். எத்தனை மணி இடைவெளி என்பதை வைத்தியரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடுமையான மலச்சிக்கலோ வயிற்றுவலியோ விழுங்கச் சிரமமோ கண்டால் அடுத்த முறைவரை பொறுத்திராமல் அன்றே தெரிவியுங்கள். அரிப்பு அடங்கிவிட்டதென்று அளவைக் குறைக்கவோ, அதிகமானதென்று கூட்டவோ வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் வரும் பொஸ்பேற்று, கல்சிய அளவுகளைப் பார்த்தே அதை மாற்றவேண்டும். கிளினிக்குக்குப் போகும் நாளில், வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் களிமருந்துகளையும் பற்பங்களையும் ஒரு பையில் எடுத்துச்சென்று, எதையும் மறைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.