பனிப்பெண்ணான சிவன்: ஒரு விளையாட்டுத் தொடரும் நம் பெயர்களும்



சிவபெருமான் நஞ்சுண்ட கதையை வகுப்பில் கூறிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, சிவா பெண்தானே? பனியை வீசி எதிரிகளை உறைய வைப்பாளே!” என்றான். வகுப்பே சிரித்தது, அவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அறிந்த சிவா, ‘ஃபைனல் ஃபேண்டசி’ என்னும் சப்பானியக் காணொளி விளையாட்டுத் தொடரில் வருபவள். அவனைத் திருத்துமுன் அத்தொடரின் வரலாற்றை அறிவது நம் கடமை எனக் கருதினேன்.

ஆடுபவர் கதைமாந்தரின் வேடமேற்று மாய உலகில் உலவும் வகையைச் சேர்ந்தது இத்தொடர். இரோனோபு சகாகுச்சி என்பார் உருவாக்க, ‘ஸ்கொயர்’ நிறுவனம் 1987 திசம்பரில் முதல் விளையாட்டை வெளியிட்டது. 1990இல் வந்த மூன்றாம் விளையாட்டில், போரின்போது துணைக்கு அழைக்கப்படும் ஆற்றல்களுள் ஒன்றாகப் பனிப்பெண் ‘சிவா’ தோன்றினாள். 1991இல் மூன்று முகம் கொண்ட அரசியாக ‘அசுரா’ வந்தாள். 2009இல் வெளியான பதின்மூன்றாம் விளையாட்டில் சிவா இரு சகோதரியராகி, இருவரும் இணைந்து மோட்டார் சைக்கிளாக உருமாறினர்! பதினான்காம் விளையாட்டின் விரிவாக்கங்களில், 2015இல் நான்கு வாளேந்திய பூச்சியுருவாக இராவணனும், 2017இல் இலக்குமியும் இடம்பெற்றனர்.

இப்பெயர்கள் சப்பானியர்க்கு முற்றிலும் அயலானவை அல்ல. பௌத்தம் சப்பான் சென்றபோது நம் தெய்வங்கள் பலவும் உடன்சென்றன. கலைமகள் அங்கே ‘பென்சைதென்’ என வணங்கப்படுகிறாள். நாரா நகரின் கோஃபுக்கு கோயிலில் மூன்று முகமும் ஆறு கைகளும் கொண்ட அசுரர் சிலை ஒன்று உண்டு. அது 734ஆம் ஆண்டளவில் செய்யப்பட்டது.

அந்தப் பௌத்தத்தின் சுவடு நம் பேரா மண்ணிலும் உண்டு. 1936இல் பீடோர் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகளுடைய அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை கிடைத்தது. அதே அவலோகிதேசுவரர்தாம் சீனத்தில் குவான்யின் ஆனார். சப்பானில் கன்னோன் ஆனார். இந்தியாவில் ஆண் வடிவினரான அவர் சீனத்தில் நாளடைவில் பெண் வடிவம் பெற்றார். ஆகவே, தெய்வம் வடிவம் மாறுவது வரலாற்றில் புதிதன்று. அம்மையப்பனை வணங்கும் நாம் ‘சிவனைப் பெண்ணாக்கிவிட்டார்களே’ என்று மட்டும் சினப்பது முறையாகாது.

பின் குறை எங்கே? குவான்யின் வடிவம் மாறியபோதும் அருள் என்னும் உட்பொருள் மாறவில்லை. விளையாட்டிலோ பெயர் மட்டும் எஞ்சியது. கதையும் கருத்தும் உதிர்ந்துபோயின. ‘சிவா’ என்பது பனித்தாக்குதலுக்கு ஒட்டிய வெறும் பெயர்ச்சீட்டாயிற்று.

இதனைச் செம்மைப்படுத்த இயலும். 2023இல் வெளிவந்த பதினாறாம் விளையாட்டில், காட்சியை இடையில் நிறுத்தி மாந்தர், இடம் பற்றிய குறிப்புகளைப் படிக்கும் வசதி உண்டு. அதில் பெயரின் பிறப்பிடத்தையும் இரண்டு வரி சேர்க்கலாம். அடுத்து, ஆற்றல் கதையிலிருந்து முளைக்கவேண்டும். பிறரைக் காக்க நஞ்சைத் தன் கண்டத்தில் நிறுத்தியவன் நீலகண்டன். தோழர் மேல் விழும் தாக்குதலைத் தானே ஏற்றுத் தாங்கும் ஆற்றலாக அதனை அமைத்தால், ஆட்டமும் சுவைக்கும். சிறுவன் உள்ளத்தில் ஓர் அறமும் பதியும். இராவணனுக்கு வாள் மட்டுமா? வீணையும் உண்டே! இசையால் வெல்லவேண்டிய ஒரு கட்டம் அமைத்தால் என்ன?

இவை நிறுவனத்தார் செய்யவேண்டியவை. நாம் செய்யவேண்டியது யாது?

பேராவின் இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் பகலில் பால் மரம் வெட்டினர். கோயில் திருவிழா இரவுகளில் கூத்திலும் நாடகத்திலும் அரசராகவும் அசுரராகவும் வேடமேற்றனர். கோமாளி கதையைத் திரித்துப் பேசினாலும் அவையோர் குழம்பவில்லை. ஏனெனில், மூலக்கதை அவர்கள் நெஞ்சில் இருந்தது. இன்று பல தோட்டங்கள் இல்லை. குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்கும் புறநகர் வீடமைப்புப் பகுதிகளுக்கும் பெயர்ந்துவிட்டன. கதை சொன்ன அந்த இரவுகளும் உடன் மறைந்தன. வேடம் திரைக்கு மாறியது. மூலக்கதை மட்டும் பிள்ளைகளிடம் வந்து சேரவில்லை. இக்குறைக்கு ஒரு சப்பானிய நிறுவனத்தை எப்படிப் பொறுப்பாக்குவது?

மறுவாரம் அம்மாணவனிடமே ஒரு பணியைத் தந்தேன்: “நீ விளையாட்டை உருவாக்கினால் சிவனுக்கு என்ன ஆற்றல் கொடுப்பாய்?” பாட்டியிடம் கேட்டு வந்து, மணிலா அட்டையில் நீலநிறக் கழுத்துடன் ஒரு வீரனை வரைந்தான். கீழே, “இவர் அடிக்கமாட்டார்; மற்றவர்களுக்காக அடி வாங்குவார்” என்று எழுதியிருந்தான். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை.

பெற்றோரே, பிள்ளையின் கையிலிருக்கும் கருவியைப் பிடுங்குமுன் அருகே அமர்ந்து, “இது யார் பெயர்?” என்று ஒருமுறை கேளுங்கள். விடை தெரியாவிடில், அந்தக் கதையை அன்றிரவே சொல்லுங்கள்.