பிறேக் தூசி

எங்களில் பலருக்கு ஜீப் என்றால் அது இராணுவத்தின் வண்டி. ஒழுங்கைக்குள் அது திரும்பும் சத்தம் கேட்டால் இளந்தாரிகள் பின்வேலியால் பாய்ந்துவிட வேண்டும். அந்த வண்டியை ஒரு யந்திரமாகப் பார்க்க எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. நாங்கள் இப்போது கோப்பை கழுவியும் மரக்கறி வெட்டியும் சீவிக்கின்ற இந்த ஒன்ராறியோ மாகாணத்துக்கும் ஜீப்பின் வரலாற்றில் ஒரு பங்கு உண்டு.

1940 யூலையில் அமெரிக்க இராணுவம் 135 கொம்பனிகளுக்கு எழுதி, பாரம் குறைந்த ஒரு வேவு வண்டி வேண்டும் என்று கேட்டது. அக்கறை காட்டியவை இரண்டே இரண்டு. அதில் பான்ரம் என்ற நொடிந்துபோயிருந்த சிறு கொம்பனி 49 நாளில் மாதிரி வண்டியைச் செய்து கொண்டுபோய் நிறுத்தியது. இராணுவமோ அதன் வரைபடங்களை வில்லிஸுக்கும் போர்டுக்கும் கொடுத்தது. பெரிய ஒப்பந்தங்களும் அவர்களுக்கே போயின. (சமையலறையில் கறியை ஆக்கியவன் ஒருவன், விலைப்பட்டியலில் பெயர் வேறொருவனுடையது என்பது போலத்தான்.)

இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் கனடா எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வண்டிகளைச் செய்து தள்ளியது. கொரியப் போர்க் காலத்தில், 1952இல், வின்சரில் இருந்த போர்ட் தொழிற்சாலை கனடிய இராணுவத்துக்கென எம்-38 ரக ஜீப்புகள் இரண்டாயிரத்துச் சொச்சம் செய்தது. அவற்றில் ஒன்று இன்று ஸ்காபரோவில், எங்கள் ஊர் அண்ணை ஒருவரின் கராஜில் நிற்கிறது. திங்கட்கிழமை எனக்கு உணவகத்தில் லீவு. சென்ற ஆண்டு பனி கரைந்த பிறகு, ஒவ்வொரு திங்களும் அதன் முன்சில்லுகளின் டிறம் பிறேக்கைக் கழற்றி டிஸ்க் பிறேக் பூட்டுவதில் நானும் அவரும் கழித்தோம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன என் பொறியியற் படிப்பு இதற்காவது உதவியது.

டிறம் பிறேக் என்பது மூடிய சட்டி. உள்ளே பிறை வடிவில் இரண்டு பிறேக் சூ. மிதிக்கும்போது எண்ணெயின் அழுத்தம் அவற்றை வெளிப்பக்கமாகத் தள்ள, அவை சுழலும் சட்டியின் உட்சுவரில் உரசுகின்றன. முன்னே இருக்கிற சூவைச் சட்டியின் சுழற்சியே இன்னும் இறுக்கி இழுத்துக்கொள்வதால் காலுக்கு அதிக பலம் தேவையில்லை. அந்தக் காலத்துக்கு அது கெட்டிக்கார யோசனைதான். ஆனால் மூடிய சட்டிக்குள் சூடு போக வழியில்லை. நீண்ட இறக்கத்தில் சட்டி சூடேறி விரியும், சூவை விட்டு விலகும், மிதி ஆழப் போகும். லைனிங்கும் பிடியை இழக்கும். வெள்ளத்துக்குள் இறங்கி ஏறினால் நனைந்த லைனிங் சிறிது தூரத்துக்கு வழுக்கும். ஆறு கடக்கவென்றே செய்த வண்டிக்கு ஒன்பது அங்குல விட்டமுள்ள அந்தச் சின்னச் சட்டிகளைத்தான் கொடுத்திருந்தார்கள்.

டிஸ்க் பிறேக்கில் ஒளிவுமறைவில்லை. வெளியே சுழலும் ஒரு தட்டு, அதை இரு பக்கமும் நெரிக்கும் கலிப்பர். காற்றே சூட்டைக் கொண்டுபோகும். தட்டு தண்ணீரைத் தானே உதறிவிடும். இது புதிய யோசனையுமல்ல. இங்கிலாந்தில் லான்செஸ்ரர் 1902இலேயே இதற்குக் காப்புரிமை எடுத்தார். செம்பு தேய்ந்து கிளப்பிய கிறீச்சொலியை ஒருவரும் தாங்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1953இல், டன்லொப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் கார்கள் லு மான் பந்தயத்தை வென்ற பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1955இல் சிற்றோயன் டி.எஸ். அதை வீதிக்குக் கொண்டுவந்தது. காட்டு வண்டிகளுக்கு அது வந்துசேர இன்னும் நாட் சென்றது. றேஞ்ச் றோவருக்கு 1970இல் நாலு சில்லுக்கும் கிடைத்தது. சாதாரண லாண்ட் றோவருக்கோ 1983 வரை முன்சில்லுக்குக்கூட இல்லை.

மாற்றும் வேலை கேட்பதற்குச் சுலபம். செவ்ரொலே அரைத்தொன் லொறியின் பதினொரு அங்குலத் தட்டைக் கடைசலில் வெட்டி, ஜீப்பின் ஹப்புக்கு ஏற்றபடி ஐந்து துளை புதிதாய்ப் போட்டு, கலிப்பரைத் தாங்க ஒரு இரும்புத் தகட்டை அச்சின் முட்டியில் பூட்ட வேண்டும். இடப்பக்கச் சில்லின் நட்டுகள் எதிர்ப்புரி. இது தெரியாதவன் ஸ்பனரை வளைத்துவிட்டுத்தான் நிமிருவான். உண்மையான சிக்கல் எண்ணெயில் இருக்கிறது. பழைய மாஸ்டர் சிலிண்டர் கால்தட்டுக்குக் கீழே ஒற்றைக் குழாய் வழியில் நாலு சில்லுக்கும் எண்ணெய் தள்ளுகிறது. ஒரு குழாய் வெடித்தால் நாலும் போயிற்று. ரொறன்ரோ வீதிகளில் மாரி முழுதும் கொட்டுகிற உப்பு அந்தக் குழாய்களை எப்படித் தின்னும் என்பது இங்கு பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழியுள்ள சிலிண்டர் வேண்டும். டிறம்முக்கென்று குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு ஒன்று உண்டு. அதை முன்வழியில் விட்டுவைத்தால் கலிப்பர் தட்டை விடாமல் உரசிச் சூடாக்கும். பின்னால் டிறம் அப்படியே இருப்பதால், மிதித்தவுடன் பின்சில்லு முந்திப் பூட்டிக்கொள்ளாமல் அதற்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க இன்னொரு வால்வு. கைப்பிறேக் மட்டும் எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. அது சில்லில் இல்லை, கியர்ப்பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

சட்டியைக் கழற்றியபோது உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பிடி தூசி இருந்தது. அண்ணை குனிந்து ஊதப் போனார். நான் அவரைத் தள்ளாத குறையாகத் தடுத்தேன்.

லான்செஸ்ரரின் கிறீச்சொலியை அடக்கியது அஸ்பெஸ்ரஸ். ஹேர்பேட் புறூட் என்ற ஆங்கிலேயர் அதை லைனிங்கில் சேர்த்த பின், உலகின் பிறேக்குகள் பல பத்தாண்டுகள் அந்த நாரிலேயே நின்றன. நாரில் பெரும்பகுதி கனடாவிலிருந்து போனது. கியூபெக்கில் அஸ்பெஸ்ரஸ் என்றே பெயர் வைத்த ஊர் ஒன்று இருந்தது. 1949இல் அந்தப் பகுதிச் சுரங்கத் தொழிலாளர் ஐயாயிரம் பேர் நாலு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டது, தூசியை அகற்று என்பது. பின்னாளில் பிரதமரான பியர் ட்றூடோ அந்தப் போராட்டம் பற்றி ஒரு நூலைத் தொகுத்தார். இருந்தும் சுரங்கங்கள் 2011 வரை ஓடின. தன் வீடுகளிலிருந்து கனடா அந்த நாரைப் பிய்த்தெறிந்துகொண்டே ஆசியாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. தடைச்சட்டம் 2018இன் கடைசியில் வந்தது. 2020இல் ஊர் தன் பெயரையே மாற்றிக்கொண்டது.

என் பெரியப்பா யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோலும் உதிரிப்பாகமும் நின்றபோது, ஏ-40யும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் இருக்கிற பெற்றோலில் சில துளி காட்டி இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இந்தக் கதையை நாங்கள் எல்லோரும் பெருமையோடு சொல்கிறோம். அந்தக் கார்களை நிறுத்தியவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. தேய்ந்த சூவிலிருந்து லைனிங்கைத் தட்டி எடுத்து, வேறொரு லொறியின் பழைய லைனிங்கை அராவி வளைத்து, ஆணி அறைந்து ஒட்டினார்கள். அராவிய தூள் மேசையில் மாவாகக் கிடக்கும். பெரியப்பா அதை வாயால் ஊதித் தள்ளுவார். நான் பக்கத்தில் நின்று விளையாடியிருக்கிறேன். அவருடைய இருமலுக்கு வீட்டில் எல்லோரும் சுருட்டைத்தான் திட்டினார்கள்.

ஸ்காபரோக் கராஜில் தூசியைத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியையும் சூக்களையும் இரட்டைப் பையில் கட்டினோம். அண்ணைக்கு இன்னொரு கவலை. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒன்ராறியோ தருகிற வரலாற்று இலக்கத் தகடு, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிக்கு மட்டுந்தான். "நாளைக்கு ஆரும் வந்து கேட்டால்?" என்றார். சட்டிகளைக் கழுவி, எண்ணெய் பூசி, இடம் வலம் என்று எழுதிய பெட்டியில் வைத்திருக்கிறார். முதல் ஓட்டத்தில் மோர்ணிங்சைட் இறக்கத்தில் மிதித்தபோது வண்டி நேராக நின்றது. பின்சில்லு மட்டும் சற்று முந்திப் பிடித்தது. வால்வை அரைச் சுற்று திருப்பிவிட்டு மறுபடி ஏறினோம்.