தங்கத்தின் அளவும் தூசியின் அளவும்

தி. நகர் உஸ்மான் சாலையில் தங்கம் என்பது முழுக்கப் பார்வை சார்ந்த விஷயம். சுரங்கத்தில் அப்படியில்லை. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃபில் அது குவார்ட்ஸ் பாறைக்குள் பெரும்பாலும் தனித்தங்கமாகவே கிடைத்தது. மேற்கே சல்பைடு படிவுகளும் உண்டு. சல்பைடின் குணம் வேறு. ஆர்சனோபைரைட், பைரைட் போன்றவற்றில் தங்கம் சாதாரண நுண்ணோக்கிக்கும் சிக்காமல், படிகக் கட்டமைப்புக்குள்ளேயே இரும்பு, ஆர்செனிக், கந்தக அணுக்களுக்கிடையே அகப்பட்டுக் கிடக்கக்கூடும். எவ்வளவு அரைத்தாலும் சயனைடு அதை எட்டாது. வறுத்து, அந்தக் கனிமத்தையே சிதைத்தால்தான் வெளிவரும்.

நுண்ணிய அளவில் இன்னொன்றும் அகப்பட்டது: வடஆற்காட்டிலிருந்து போன தலித் தொழிலாளிகளின் நுரையீரலில் குவார்ட்ஸ் தூசி. ஜான் டெய்லர் கம்பெனி வந்தது 1880இல். மைசூர் சிலிகோசிஸ் விதிகள் வந்தது 1940இல். நடுவில் அறுபது வருஷம். டன் கல்லுக்கு எவ்வளவு தங்கம் என்று கணக்கு வைத்தவர்களுக்கு இந்தத் தூசி தெரியாமல்போனது வெறும் விஞ்ஞானக் குறைதானா? இல்லை என்பேன். எதை அளப்பது என்பதை அதிகாரமே தீர்மானிக்கிறது.

அந்த சனங்கள் வாயற்றவர்களும் அல்ல. 1907இல் இராயப்பேட்டையில் அயோத்திதாசர் தொடங்கிய 'தமிழன்', அவர் மறைவுக்குப்பின் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தமே செய்தார்கள்.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மேடுகளில் மிச்சத் தங்கம் எவ்வளவு என்று அதற்குப் பிறகும் கணக்குப் போட்டார்கள். நம் வரலாறு இனி எழுத வேண்டியது மற்ற கணக்கை.