பெயரேடும் பேரேடும்: நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழர் வாழ்க்கைப் பதிவு

ஒரு நாடு எவருடைய வாழ்வை எழுதி வைக்கின்றது என்பதைக் கொண்டே, அந்நாடு எவரைப் பொருட்படுத்தியது என்பதை அறியலாம். பிரிட்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்னும் பதிப்பாளர் 1882இல் திட்டமிட்ட தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி இதற்குத் தக்க சான்றாகும். லெஸ்லி ஸ்டீபன் அதன் முதல் பதிப்பாசிரியர். 1885இல் முதல் தொகுதி வெளிவந்தது. 1900க்குள் 63 தொகுதிகள் நிறைவெய்தின. அரசரும் அறிஞரும் மட்டுமன்றிக் குற்றவாளிகளும் அதில் இடம்பெற்றனர். பெண்களோ மிகச் சிலரே. இத்தகைய குறைகளை நிரப்பவே 1993இல் 'விடுபட்டோர்' என்னும் தனித்தொகுதி வெளியிடப்பட்டது. நூறாண்டு கடந்த பின்னரும் விடுபட்டோரைத் தேடிச் சேர்க்கலாம் என்பதே அது நமக்குத் தரும் பாடம்.

அவ்வகராதியில் மலாயாவோடு தொடர்புடைய ஆங்கிலேயர் பலர் உள்ளனர். ஆட்சியாளர் பிராங்க் சுவெட்டன்ஹாம் ஒருவர்; மரம் பட்டுப்போகாமல் பாலெடுக்கும் முறையை வகுத்த தாவரவியலார் ஹென்றி ரிட்லி மற்றொருவர். அம்முறையைக் கையாண்டு நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நாள்தோறும் பால்மரம் சீவிய தமிழருக்கோ செக்ரோல் என்னும் பெயரேடு ஒன்றே வாய்த்தது. விடியற்காலைப் பிரட்டில் வந்து நின்றவர் எவர், எத்தனை நாள் வேலை செய்தார், கூலி எவ்வளவு என்பவற்றை அது கூறும். எந்த ஊரிலிருந்து வந்தார், எதனை விட்டு வந்தார், பிள்ளைகளுக்கு எக்கதையைச் சொன்னார் என்பவற்றை அது கூறாது.

இவ்விடைவெளியின் கொடுமை சயாம் மரண இரயில்பாதையில் வெளிப்பட்டது. 1942 முதல் 1943 வரை சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் பாதைக்கு நம் மாநிலத் தோட்டங்களிலிருந்தும் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களினும் மிகுதியாக மாண்ட ஆசியத் தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் பெயர் தாங்கிய கல் எதுவும் இல்லை.

நம் மரபு இதற்கு உடன்படுவதன்று. வேந்தர்க்கு மெய்க்கீர்த்தி எழுதிய தமிழர், ஆநிரை மீட்டு இறந்த எளிய வீரனுக்கும் நடுகல் எடுத்தனர். கல் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை அதற்குரிய துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்கள் இறந்தோர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன.

இந்திய அரசு 1938இல் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தது. அதற்கு முன் இங்கு வந்தோருள் இன்று எஞ்சியிருப்போர் மிக அரியர். அவர்தம் பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். தோட்டங்கள் பலவும் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாகியும் மறைந்தன. ஆதலின் ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பணியைக் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் வட்டாரத்து முதியோர் வாழ்வை ஒலிப்பதிவு செய்து எழுத்தில் வடிக்கலாம். பிறந்த ஊர், கப்பலேறிய துறை, உழைத்த தோட்டம், செய்த வேலை, போர்க்காலத் துயர் ஆகியவை கட்டாயம் இடம்பெறட்டும்.

மொழியியல் நோக்கில் ஒன்றை வலியுறுத்துகின்றோம். அவர்தம் பேச்சை இலக்கண நடைக்கு மாற்ற வேண்டா. துரை, கிராணி, கங்காணி, பிரட்டு என அவர் வாயில் வழங்கும் ஒவ்வொரு சொல்லும் அவ்வாழ்வின் ஆவணம். அதனைத் திருத்தினால் பேசியவரையே அழித்தவராவோம். பிரிட்டானியர் தம் பேரேட்டில் விடுபட்டோரைத் தாமே தேடிச் சேர்த்தனர். நம்மவர்க்குரிய பேரேட்டை நாமே தொடங்கல் வேண்டும்.