நுண்படியின் வரலாறு

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது தெலுக் பங்லிமா காராங். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சிலாங்கூரில் தோன்றிய தடையற்ற வாணிக வட்டாரங்களுள் அதுவும் ஒன்று. மின்னோட்டத்தை ஆளும் அரைக்கடத்திச் சில்லுகளைப் பொதிந்து முடிக்கும் தோஷிபா ஆலை அங்கு இயங்கியது. 2013இல் அது அம்கோர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. இத்தகைய சில்லுகளின் அருமையைப் படிமோட்டாரின் வரலாற்றில் காணலாம்.

படிமோட்டார் ஓயாது சுழல்வதன்று. ஒரு மின்துடிப்புக்கு ஒரு படி நகர்ந்து நிற்பது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் முட்களை நகர்த்துவது அதன் இனமே. படி சிறுத்தால் பணி நுட்பமாகும். அதற்கு முதலில் கண்ட வழி பற்களைப் பெருக்குதல். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரப் பொறியாளர் வாக்கர், 1919இல் பல்லமைப்புக் கொண்ட படிமோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் பெருவழக்கான மோட்டாரின் சுழலியில் 50 பற்கள். ஒரு பல் நகர நான்கு படிகள். ஆகவே ஒரு சுற்றுக்கு 200 படிகள். படி ஒன்று 1.8 பாகை. பற்களை 100 ஆக்கினால் 0.9 பாகையாகும். ஆனால் பல் சிறுக்கச் சிறுக்க, சுழலிக்கும் நிலைப்பகுதிக்கும் இடையிலுள்ள காற்றிடைவெளியும் ஒடுங்க வேண்டும், செய்வினை கடினமாகும். ஜப்பானியர் போற்றிய ஐந்து சுருள்தொகுதி முறை 500 படிகள் தந்தது. கம்பிகளும் மின்விசைகளும் பெருகின.

1974இல் அமெரிக்கரான லாரி டர்கோஸ் உலோகத்தைத் தொடாமலே ஒரு வழி கண்டார். இரு சுருள்களிலும் மின்னோட்டத்தை முழுதாய்த் திறந்து மூடாமல், ஒன்றில் குறைத்து மற்றதில் கூட்டினால், சுழலி இரு படிகளுக்கிடையே நிற்கும். படியைப் பதினாறாகப் பகுத்தால் 3,200 நுண்படிகள்! எனினும் ஒரு நுண்படிக்குக் கிட்டும் திருப்புவிசை, தாங்குவிசையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. உராய்வு மிகுந்தால் சுழலி அசையாது. நுண்படியால் துல்லியமும் அதே அளவு பெருகும் என்பார் கூற்று பொருந்தாது.

இம்முறை பரவியது, மின்னோட்டத்தைப் பகுக்கும் சில்லுகள் மலிந்த பின்னரே. அம்மலிவில் மலேசியப் பெண்களின் உழைப்பும் உண்டு. கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் ஆலைப்பேருந்தில் வந்த அவர்கள், உருப்பெருக்கியில் கண் பதித்து, மயிரினும் மெல்லிய பொற்கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தனர். 1980களில் நுண்ணிய அசைவுகளை மின்னணுவால் ஆளும் தானியங்கிப் பொறிகள் அவ்விருக்கைகளுக்கு வரலாயின. 1985ஆம் ஆண்டுப் பொருளாதார மந்தத்தில் மின்னணு ஆலைகள் ஆட்குறைப்புச் செய்தபோது, பல பெண்கள் வேலையிழந்து வீடு திரும்பினர்.