யூ மரம்: வில்லுக்கு வெட்டியதும் மருந்துக்கு உரித்ததும்

மார்பகப் புற்றுநோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் கீமோ ஏற்றும்போது கொடுக்கப்படும் மருந்துகளில் பக்லிடாக்செல் என்று ஒன்று உண்டு. நம் உம்மாமார், ராத்தாமார் சிலரின் கிளினிக் கொப்பிகளிலும் அந்தப் பெயர் இருக்கும். அது ஒரு மரத்திலிருந்து வந்த மருந்து. ஆங்கிலேயர் அந்த மரத்தை யூ என்பார்கள். வரலாற்றுப் பாடத்தில் மன்னர்களின் பெயர்களைப் பாடமாக்குகிறோம். அவர்கள் எந்த மரத்தை நம்பிப் போருக்குப் போனார்கள் என்று கேட்பதில்லை. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

யூ ஓர் ஊசியிலை மரம். பனிக்காலத்திலும் பச்சை மாறாது. பைன் மரத்தில் இருப்பது போன்ற கூம்பு இதில் இல்லை. சிவந்த, மெதுவான ஒரு கிண்ணத்துக்குள் ஒற்றை விதை இருக்கும். அந்தக் கிண்ணத்தின் சதையைத் தவிர இலை, பட்டை, விதை எல்லாமே நஞ்சு. இலையைத் தின்ற மாடு இதயம் நின்று செத்துப் போகும். வளர்ச்சியோ மிக மந்தம். விதை முளைக்கவே இரண்டு வருடம் வரை ஆகலாம். காட்டு நிழலில் நூறு வருடம் நின்றும் ஒரு தென்னையின் பருமன் வராத யூ மரங்கள் உண்டு. ஆனால் ஆயுள் நீண்டது. ஸ்கொட்லாந்தின் ஃபோர்டிங்கோலில் நிற்கும் யூவுக்கு இரண்டாயிரம் வயதுக்கு மேல் இருக்கும் என்று கணிக்கிறார்கள்.

மெதுவாக வளர்வதால் மரத்தின் வரிகள் நெருக்கமாக இருக்கும். இந்த மரத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. உள்வைரம் அழுத்தத்தைத் தாங்கும். வெளியே உள்ள வெண்மரம் இழுவையைத் தாங்கும். இரண்டும் ஒரே துண்டில் வரும்படி செதுக்கினால் அதுவே வில். மனிதன் இதை எப்போதோ கண்டுகொண்டான். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,300 வருடங்களுக்கு முந்தைய மனிதனின் பக்கத்தில் முடிக்கப்படாத யூ வில் ஒன்று கிடந்தது. அதன் நீளம் 1.82 மீற்றர்.

1346இல் கிரெசியிலும் 1415இல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுக் குதிரைப்படையை முறித்தது இங்கிலாந்தின் நெடுவில். புத்தகங்கள் மன்னரின் வீரத்தைப் பாடும். நமக்குப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பின்னால் வந்த சட்டம்தான். உள்நாட்டு யூ பெரும்பாலும் கோணலும் கிளையுமாக வளரும். மலைக்குளிரில் வளர்ந்த நேரான மரம்தான் நல்ல வில்லுக்கு வேண்டும். எனவே 1472இல் ஒரு சட்டம்: வெளிநாட்டுக் கப்பல்கள் கொண்டுவரும் சரக்கில் தொன் ஒன்றுக்கு நான்கு வில்தடிகள் சேர்த்துத் தர வேண்டும். 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் காலத்தில், இறக்குமதியாகும் மதுப் பீப்பாய் ஒன்றுக்குப் பத்துத் தடி என்றாக்கினார்கள். மரத்தை இப்படியும் வரியாக வாங்கியிருக்கிறார்கள்!

விளைவு என்ன? நியூரம்பர்க் வணிகர்கள் ஆல்ப்ஸ் பக்கத்துக் காடுகளிலிருந்து தடிகளை இலட்சக்கணக்கில் அனுப்பினார்கள். 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் வெட்டத் தகுந்த யூ அரிதாகிவிட்டது. 1595இல் இங்கிலாந்துப் படை வில்லைக் கைவிட்டுத் துப்பாக்கிக்கு மாறியது. துப்பாக்கி வந்ததால் வில் போனது என்று மட்டும் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். மரமும் தீர்ந்துகொண்டிருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பிறகு அமெரிக்கா. அங்கே மேற்குக் கரைக் காடுகளில் இதே குடும்பத்து பசிபிக் யூ வளர்கிறது. பெரிய மரங்களுக்காகக் காடு வெட்டுகிறவர்கள் இதை விலை போகாதது என்று குப்பையோடு சேர்த்து எரித்தார்கள். 1962இல் புற்றுநோய் மருந்து தேடும் திட்டமொன்றுக்காகத் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே அதன் பட்டையைச் சேகரித்தார். அதிலிருந்த மூலப்பொருளைப் பிரித்தெடுத்து, 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டவர்கள் மன்றோ வால், மன்சுக் வானி. 1979இல் சூசன் ஹோர்விட்ஸ் அது வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்தார். செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்ணிய இழைகள் உருவாகி, வேலை முடிந்ததும் கரைய வேண்டும். இந்த மருந்து அவற்றைக் கரையவிடாமல் இறுக்கிவிடும்; செல் பிரிய முடியாமல் சாகும். (நம் வேலியோரத்து நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் இதற்கு எதிர்ப்பக்கம்: அது இழைகளை உருவாகவே விடாது.)

1992இல் அமெரிக்கா மருந்தை அனுமதித்தது. ஆனால் பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு மரத்தின் பட்டை ஒரு நோயாளிக்குக்கூடக் காணாது. ஒரு தாயைக் காப்பாற்ற நூறு வருட மரங்கள் சிலவற்றைக் கொல்ல வேண்டும். தாய்க்குத்தான் முதலிடம் என்று யாரும் சொல்வோம். மரம் முடிந்துவிட்டால் அடுத்த தாய்க்கு என்ன செய்வது?

பிரான்ஸில் பியர் பொட்டியே குழுவினர் ஐரோப்பிய யூவின் இலையில் வழி கண்டார்கள். இலையிலுள்ள ஒரு பொருளை எடுத்து, ஆய்வுகூடத்தில் மிச்ச வேலையைச் செய்து மருந்தாக்கலாம். இலை மறுபடி துளிர்க்கும். அதன் பிறகு இங்கிலாந்தில் தோட்டத்து யூ வேலிகளைக் கத்தரிக்கும்போது விழும் தளிர்களையும் மருந்துக்கென்று சேகரித்தார்கள். இப்போது தாவரச் செல்களைத் தொட்டிகளில் வளர்த்தும் மருந்தை எடுக்கிறார்கள்.

இமயமலை யூவுக்கு அந்த அதிர்ஷ்டம் உடனே கிடைக்கவில்லை. இலைக்கும் பட்டைக்குமாக அளவுக்கு மீறி வெட்டியதில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 1995இலிருந்து அதன் சர்வதேச வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. விதைக்காகக் காத்திருக்க முடியாததால் கிளைத்துண்டுகளை வேர்விடச் செய்து கன்றாக்குகிறார்கள். அப்படி இன்று நடும் கன்று முழு மரமாவதைப் பார்க்க, நட்டவர் உயிரோடு இருக்கமாட்டார்.