இதயமும் முடியாட்சியும்: ஆங்கில வழக்குகள் பற்றிய ஒரு குறிப்பு

மனனஞ் செய்தலை ஆங்கிலத்தில் 'பை ஹார்ட்' கற்றல் என்பர். 14ஆம் நூற்றாண்டிலேயே சோசர் இத்தொடரைக் கையாண்டுள்ளார். இதயமே அறிவுக்கும் நினைவுக்கும் உறைவிடம் என்ற பழங்கருத்தின் எச்சம் இது. அரிஸ்டோட்டிலும் சிந்தனையை இதயத்திலேயே வைத்தார். துணிவைச் சுட்டும் 'கரேஜ்' என்பதும் இதயத்தைக் குறிக்கும் இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே.

இவ்வழக்குகளின் அரசியற் பயன்பாடே ஈண்டு முக்கியமானது. குருதிச் சுற்றோட்டத்தை 1628இல் நிறுவிய வில்லியம் ஹார்வி, தமது நூலை முதலாம் சார்ள்ஸ் மன்னனுக்குக் காணிக்கையாக்கினார். உடலுக்கு இதயம் எவ்வாறோ நாட்டுக்கு மன்னன் அவ்வாறு என்பது அவர் கூற்று. 1649 ஜனவரியில் மன்னன் சிரச்சேதஞ் செய்யப்பட்டான். 1649இலும் 1651இலும் வெளிவந்த ஹார்வியின் நூல்களில் இதயத்தை விஞ்சிக் குருதி முதன்மை பெறுவதைச் சுட்டிக்காட்டிய மார்க்சிய வரலாற்றாசிரியர் கிறிஸ்தோபர் ஹில், 1964இல் இம்மாற்றத்தை முடியாட்சியின் வீழ்ச்சியோடு தொடர்புபடுத்தினார். அக்கருத்து ஹார்வியிடம் முன்னரே உருவாகியிருந்ததென மறுத்தோருமுளர். மறுப்பு வலுவற்றதன்று; அடித்தளத்தையும் மேலமைப்பையும் இத்துணை நேராகப் பொருத்துவது நம்மவரும் அடிக்கடி புரியும் தவறே. ஆயினும், அரசவை மருத்துவரான ஹார்வி அவ்வுவமையைத் தெரிந்தெடுத்தமை தற்செயலானதன்று.